பஞ்சமும் கண்ணாடியும்

பாக்கு நீரிணையின் வானம் – அத்தியாயம் 9

திருக்கேதீஸ்வரத்தைக் கேது வழிபட்ட தலம் என்கிறது தலபுராணம். சூரியனையும் சந்திரனையும் மறைப்பதாகச் சொல்லப்படும் நிழற்கிரகங்கள் இரண்டில் ஒன்று, இந்தப் பாலாவிக் கரையில் சிவனை வணங்கிப் பேறு பெற்றது என்பது நம்பிக்கை. சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம். மாதோட்டத் துறைமுகம் உயிரோடிருந்த காலத்தில் பாரசீகத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்து சேர்ந்த மட்பாண்டங்களின் ஓடுகளை மாந்தை அகழ்வில் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கப்பற்காரர் வழிபார்த்த விண்மீன்களைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். இந்த அத்தியாயம் ஒரு கிரகணத்தில் தொடங்கி, ஒரு பஞ்சத்தைக் கடந்து, ஒரு கண்ணாடியிடம் போய்ச் சேரும். மூன்றுக்கும் இந்தக் கரையோடு உறவு உண்டு.

1871 டிசம்பர் 12. காலைப் பொழுதில் சந்திரனின் நிழல் அரபிக்கடலிலிருந்து மலையாளக் கரையில் ஏறியது. பேக்கல் கோட்டை, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை என்று தென்னிந்தியாவைக் குறுக்காகக் கடந்து, பாக்கு நீரிணையைத் தாண்டி, யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் இருட்டிவிட்டு வங்கக் கடலில் இறங்கியது. ஓரிடத்தில் முழு இருள் நின்றது இரண்டு நிமிடமளவுதான். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் வழி நெடுகக் காத்திருந்தார்கள். பேக்கல் கோட்டையில் நார்மன் லாக்யர், தொட்டபெட்டாவில் டெனன்ட், நீலகிரியின் சோலூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், அவிநாசியில் சென்னை வானாய்வகத்தின் போக்சன், புதுக்கோட்டையில் இத்தாலியர் ரெஸ்பிகி. யாழ்ப்பாணத்தில் இலங்கையின் நில அளவைத் தலைவர் கப்டன் ஃபயர்ஸும் கப்டன் டப்மனும் நின்றார்கள். திருகோணமலையில் மோஸ்லி நின்றார். அடுத்த ஆண்டே 'சேலஞ்சர்' கப்பலில் உலகக் கடல்களை ஆராயப் புறப்பட்ட அதே மோஸ்லி.

அன்று மன்னார்க் கரையிலும் வெயில் நன்றாக மங்கியிருக்கும். ஆனால் கேது வழிபட்ட தலத்தில் அப்போது கோயில் இல்லை. போர்த்துக்கேயர் இடித்தபின் அந்த இடம் காடு பற்றிக் கிடந்தது. கிரகணம் கழிந்த மறு ஆண்டு, 1872இல்தான், திருக்கேதீஸ்வரத்தை மீட்டெடுக்க வேண்டுமென்று ஆறுமுக நாவலர் எழுதினார். நிலத்தை வாங்கிச் சிறு கோயிலாக எழுப்ப மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

கிரகண முகாம்களின் பெருங்கவலை வானத்தைப் பற்றியது மட்டுமல்ல; பூமியைப் பற்றியதும்தான். பூமி சுழல்கிறது. தொலைநோக்கியைச் சூரியனுக்கு நேரே வைத்துவிட்டுக் கையை எடுத்தால், சுமார் இரண்டு நிமிடத்தில் சூரியன் தன் அகலம் முழுவதும் நகர்ந்து போய்விடும். ஆகவே தொலைநோக்கியைப் பூமி அச்சுக்கு இணையான ஒரு தண்டில் ஏற்றி, எடை கட்டிய கடிகாரப்பொறியால் மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். சிறிய குழாய் என்றால் இது ஆகும். ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கும் கருவியோ நீளமானது, பாரமானது. சற்று வளைந்தாலும் அளவு கெட்டுவிடும். அதைத் தூக்கிக்கொண்டு சூரியன் பின்னால் திரும்புவது எப்படி?

இதற்கான விடை ஐரோப்பாவில் முன்பே உருவாகிக்கொண்டிருந்தது. கருவி அசையவேண்டாம், அதன் முன்னால் ஒரு தட்டைக் கண்ணாடி மட்டும் அசையட்டும். கண்ணாடி சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஒளியை எப்போதும் ஒரே திசையில் அனுப்பட்டும். ஒல்லாந்தரான க்ராவ்சாண்டே 1742இல் வெளியிட்ட தன் நூலில் இப்படி ஒரு பொறியை விவரித்தார். அது ஹீலியோஸ்டாட், சூரியனுக்கான கண்ணாடி. பாரிசில் லெயோன் ஃபூக்கோ, ஊசலைத் தொங்கவிட்டுப் பூமியின் சுழற்சியைக் கண்முன் காட்டியவர், இதைச் செம்மைப்படுத்தி விண்மீன்களுக்கும் பயன்படும்படி சைடரோஸ்டாட் என்ற பெரிய பொறியைத் திட்டமிட்டார். அது உருவாகுமுன் 1868 பெப்ரவரியில் இறந்துபோனார். மறு ஆண்டு ஐக்கன்ஸ் என்ற கருவி வினைஞர் அதைச் செய்து முடித்தார்.

ஃபூக்கோவின் பொறியில் ஒரு குறை இருந்தது. பிம்பத்தின் நடுப்புள்ளி அசையாமல் நிற்கும். சுற்றியுள்ளவை அந்த நடுப்புள்ளியைச் சுற்றி மெல்லச் சுழலும். 1895இல் காப்ரியேல் லிப்மன் இதற்கு ஒரு தீர்வு சொன்னார். பின்னாளில் வண்ணப் புகைப்படத்துக்காக நோபல் பரிசு வாங்கியவர் இவர். அவர் சொன்ன பொறிதான் சீலோஸ்டாட். அதன் எளிமையை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கண்ணாடியைப் பூமி அச்சுக்கு இணையான தண்டில் பொருத்தவேண்டும், தண்டு கண்ணாடியின் தளத்துக்குள்ளேயே கிடக்கும்படி. பிறகு அதை 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் திருப்பவேண்டும். 24 அல்ல, 48. கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் அதில் பட்டுத் தெறிக்கும் கதிர் இரண்டு பாகை திரும்பும். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. கண்ணாடி மணிக்கு ஏழரைப் பாகை நகர்ந்தால் போதும். அந்த வேகத்தில், கண்ணாடிக்குள் தெரியும் வானம் முழுவதும் உறைந்து நின்றுவிடும். நடுவும் நிற்கும், ஓரமும் நிற்கும். சூரியன் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள விண்மீன்களும் அப்படியே நிற்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வானில் பொருள் வடக்கே ஏற ஏற, தெற்கே இறங்க இறங்க, கதிர் வெளியேறும் திசையும் பருவத்துக்குப் பருவம் மாறும். அதைப் பிடித்துக் கருவிக்குள் அனுப்ப இரண்டாவது கண்ணாடி ஒன்று வேண்டும். இரண்டாவதன் நிழல் முதலாவதில் விழாதபடி காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமுமாக நகர்த்தி வைக்கவும் வேண்டும்.

பூமி அச்சுக்கு இணையாக என்றேன். அந்தத் தண்டின் சாய்வு இடத்துக்கு இடம் வேறுபடும். அவ்வூரின் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவு. பாரிசில் ஏறத்தாழ 49 பாகை, எழுந்து நிற்கும். திருக்கேதீஸ்வரத்தில் 9 பாகை மட்டுமே. மன்னாரில் ஒரு சீலோஸ்டாட்டை நிறுவினால் அதன் தண்டு ஏறக்குறையத் தரையோடு படுத்துக் கிடக்கும். வடமுனை, கடலில் அடிவானத்தை ஒட்டித் துருவ நட்சத்திரம் தெரியும் திசையில் இருக்கும். பாக்கு நீரிணையின் மறுபக்கம் கோடைக்கானலில் பத்துப் பாகைக்குச் சற்று மேல். இரண்டு இடத்துக்கும் ஏறத்தாழ ஒரே வானம்.

கோடைக்கானல் என்ற பெயர் வந்துவிட்டது. அங்கே கண்ணாடி எப்படிப் போனது என்பதற்குப் பஞ்சத்தின் கதையைச் சொல்லியாகவேண்டும்.

1876இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. தமிழர் இன்றும் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லும் பஞ்சம் அது. 1878 வரை நீடித்து, இந்தியா முழுவதும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. வயிறு காய்ந்தவர்கள் கடற்கரையை நோக்கி நடந்தார்கள். பாம்பன், தொண்டி, தேவிபட்டினம் போன்ற துறைகளில் தோணி ஏறி, மன்னார்த் தீவிலும் அரிப்பிலும் இறங்கினார்கள். கோப்பித் தோட்டங்களுக்குப் போகும் வடக்குப் பாதை இங்கேதான் தொடங்கியது. மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கடந்து, மாதோட்டப் பக்கமாக, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுக்குள்ளால் கால்நடையாகப் போனார்கள். தண்ணீரில்லாமலும் வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. திருக்கேதீஸ்வரத்தின் வரலாறு எழுதுவோர் பல்லவர் காலத்தையும் சோழர் காலத்தையும் விரித்து எழுதுகிறார்கள். அதன் வாசலோரம் போன இந்தப் பாதையைப் பற்றி ஓரிரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

இங்கே மக்கள் நடந்துகொண்டிருந்தபோது இலண்டனில் ஒரு கட்டுரை வந்தது. 1877இல், சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும் என்ற பொருளில். எழுதியவர் இருவர். ஒருவர் இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் ஹண்டர். மற்றவர் ஆறாண்டுக்கு முன் பேக்கல் கோட்டையில் கிரகணம் பார்த்த அதே லாக்யர். சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கொரு முறை பெருகிக் குறைகின்றன. புள்ளி குறைந்த ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைந்திருக்கிறது. ஆகவே சூரியனைத் தினமும் கவனித்தால் பஞ்சம் வருவதை முன்கூட்டியே அறியலாம் என்பது அவர்கள் வாதம்.

வாதத்தின் மையம் பிழை. மழைக்கும் புள்ளிக்கும் அவர்கள் கண்ட எளிய பொருத்தம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. மழை பொய்த்தது உண்மை. ஆனால் அத்தனை உயிர் போனதற்கு மழை மட்டும் காரணமல்ல. மக்கள் பட்டினி கிடந்தபோது தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளுக்கு ஒரு இறாத்தல் தானியம் என்று கூலியை வெட்டியவர் ரிச்சர்ட் டெம்பிள். பழியைச் சூரியன் மேல் போடுவது ஆட்சியாளருக்கு வசதியாக இருந்தது.

என்றாலும் அந்தப் பிழையான வாதம்தான் பணத்தைத் திறந்தது. 1878இலிருந்து தேராதூனில் சூரியனைத் தினந்தோறும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். பஞ்ச விசாரணைக் குழு 1880இல் தந்த அறிக்கைக்குப் பிறகு, சூரியனுக்கென்றே தனி ஆய்வகம் வேண்டுமென்ற பேச்சு வலுத்தது. 1895இல் பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு 2,343 மீற்றர் உயரத்தில், கோடைக்கானல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1899 ஏப்ரலில் சென்னையின் பழைய வானாய்வுப் பணி அங்கே மாறியது. முதல் இயக்குநர் மிக்கி ஸ்மித்.

மன்னார்க் கரையில் பஞ்சம் இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் மலையகத்தில் தேயிலை கிள்ளத் தொடங்கிய காலத்தில், அதே பஞ்சத்தின் பெயரால் எழுந்த ஆய்வகத்துக்கு கேம்பிரிட்ஜ் கருவிக் கம்பனியிலிருந்து ஒரு பொறி வந்து சேர்ந்தது. சூரியனை ஒரே ஒரு நிறத்தில் மட்டும் படம் எடுக்கும் பொறி அது. அதற்கு ஒளி ஊட்ட 46 சென்ரிமீற்றர் கண்ணாடி கொண்ட ஃபூக்கோ சைடரோஸ்டாட் ஒன்று நிறுவப்பட்டது. கண்ணாடி ஒளியைக் கிடையாக அனுப்பும். 30 சென்ரிமீற்றர் குக் வில்லை அதைக் குவித்து 6 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள சூரியனாக ஆக்கும். அந்தச் சின்னஞ்சிறு சூரியன் மீது மிகக் குறுகிய ஒரு பிளவு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகரும். பிளவுக்குள் புகும் ஒளியைப் பட்டகங்கள் பிரிக்க, கல்சியம் வாயு உமிழும் ஊதா நிறக் கோடு மட்டும் இன்னொரு பிளவு வழியாகப் புகைப்படத் தட்டில் விழும். கோடு கோடாகப் படம் நிறையும். வெறும் கண்ணுக்கு ஒரே வெண்மையாகத் தெரியும் சூரியன், இந்தத் தட்டில் வெண்திட்டுகளும் வலைப்பின்னலுமாகத் தெரியும். பிளவு முழுச் சூரியனையும் கடந்து முடியும்வரை பிம்பம் அசையக்கூடாது. அசைந்தால் படம் கோணிவிடும். ஆகவே சைடரோஸ்டாட் இல்லாமல் இந்தப் பொறிக்கு உயிரில்லை.

1904இல் தொடங்கிய அந்தப் படவரிசை 2007 வரை தொடர்ந்தது. 1912இலிருந்து ஐதரசனின் சிவப்பு நிறத்திலும் எடுத்தார்கள். உலகில் இவ்வளவு நீண்ட, இவ்வளவு ஒழுங்கான சூரியப் படத் தொகுப்புகள் மிகச் சில. இந்தத் தட்டுகளில் ஒரு சிறு விவரம் என் மனத்தில் பதிந்தது. சைடரோஸ்டாட்டில் பிம்பம் நாள் முழுக்கச் சுழலும் என்றேனல்லவா? எந்தப் பக்கம் சூரியனின் வடக்கு என்பது நேரத்துக்கு நேரம் மாறும். எனவே தட்டுகளில் சூரியனின் இரு முனைகளையும் காட்டப் புள்ளிகள் இட்டு வைத்தார்கள். நூற்றாண்டு கழித்து அந்தத் தட்டுகளையெல்லாம் எண்மியப் படங்களாக மாற்றியபோது, ஒவ்வொரு படத்தையும் சரியான திசைக்குத் திருப்பி நிறுத்த உதவியவை அந்தப் புள்ளிகளே. யார் கைப்பட இட்ட புள்ளிகள்? பெரும்பாலும் மலையில் வேலைக்கு வந்த தமிழ் உதவியாளர்கள். ஒரே குடும்பத்தில் பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக அங்கே காலையில் சூரியப் படம் எடுத்த கதையும் உண்டு. அறிவியல் வரலாற்றில் இயக்குநர்களின் பெயர் நிற்கிறது. மூடுபனி எழுமுன் விடிந்தும் விடியாமலும் போய்க் கண்ணாடியின் மூடியைத் திறந்து, அதைச் சூரியனுக்குப் பொருத்தி, தட்டைச் செருகி, கழுவி, நாளும் நேரமும் எழுதிவைத்தவர்களின் உழைப்பு இல்லாமல் ஒரு வரிகூட மிஞ்சியிருக்காது.

1907இல் ஜான் எவர்ஷெட் கோடைக்கானல் வந்தார். 1898 ஜனவரி 22இல் இந்தியாவைக் கடந்த முழுக் கிரகணத்துக்கு தால்னியில் முகாமிட்டிருந்தவர் அவர். சூரியப் புள்ளிகள் சுழல்கின்றனவா என்று பார்க்க 1909 ஜனவரியில் புள்ளிகளின் நிறமாலையை எடுத்தார். சுழற்சி தென்படவில்லை. வேறொன்று தென்பட்டது. புள்ளியின் மங்கலான விளிம்புப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நொடிக்கு ஓரிரு கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று உலகம் முழுவதும் எவர்ஷெட் விளைவு என்று அறியப்படுவது இதுவே. அவருடைய மனைவி மேரியும் வானியலாளர்; சூரியப் புள்ளிகளை ஒட்டி எழும் தீக்கொழுந்துகளைப் பற்றிக் கோடைக்கானலிலிருந்தே ஆராய்ந்து எழுதினார். மழையை முன்னறியக் கட்டிய ஆய்வகத்தால் மழையை முன்னறிய முடியவில்லை. ஆனால் சூரியனின் முகத்தில் காற்று எப்படி ஓடுகிறது என்று உலகுக்கு முதலில் சொன்னது அதுதான்.

இனிக் கண்ணாடியின் குறையையும் சொல்லவேண்டும். அதற்கு நம் கரையை விட்டுக் கொஞ்சம் தூரம் போகவேண்டும்.

1919 மே 29இன் முழுக் கிரகணத்தின்போது சூரியனின் ஈர்ப்பு விண்மீன் ஒளியை வளைக்கிறதா என்று பார்க்க இரண்டு பிரித்தானியக் குழுக்கள் புறப்பட்டன. எடிங்டன் ஆபிரிக்கக் கரையோரத் தீவான பிரின்சிபேக்குப் போனார். குரோமலினும் டேவிட்சனும் பிரேசிலில் சொப்ரால் ஊருக்குப் போனார்கள். இரு குழுவும் தொலைநோக்கியைக் கிடையாகப் படுக்கவைத்து, சீலோஸ்டாட் கண்ணாடியால் ஒளியை உள்ளே அனுப்பினார்கள். சொப்ராலில் 16 அங்குலக் கண்ணாடியோடு இணைத்த பெரிய தொலைநோக்கி கொடுத்த படங்களில் விண்மீன்கள் பரவிக் கலங்கித் தெரிந்தன. வெயில் பட்டுக் கண்ணாடி ஒரே சீராகச் சூடாகாமல் சற்றே வளைந்துவிட்டது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அந்தப் படங்களை மட்டும் நம்பினால் வளைவு 0.93 விகலை, நியூட்டன் கணக்குக்குக் கிட்ட. துணைக்கென்று கொண்டுபோன 4 அங்குல வில்லையும் 8 அங்குலக் கண்ணாடியும் தெளிவான படங்கள் தந்தன; அவை காட்டியது 1.98 விகலை. பிரின்சிபேயில் 1.61. ஐன்ஸ்டைன் சொன்னது 1.75. துணைக் கண்ணாடி கைகொடுக்காமல் போயிருந்தால் அன்றைய தீர்ப்பு குழம்பியிருக்கும்.

கிரகண முகாமுக்கு மறு நாள் கிடையாது. அங்கே கண்ணாடி ஒரே ஒரு முறை தவறினாலும் போச்சு. இலங்கையும் இதைக் கண்டது. 1955 ஜூன் 20இல் முழுக் கிரகணம் பொலன்னறுவைப் பக்கமாகக் கடந்தபோது பல நாட்டு விஞ்ஞானிகள் ஹிங்குராக்கொடையிலும் சுற்றுவட்டாரத்திலும் முகாமடித்திருந்தார்கள். மேகம் வந்து பெரும்பாலானோரை ஏமாற்றியது. கோடைக்கானலின் கண்ணாடிக்கு அந்த அவசரம் இல்லை. இன்று மேகம் என்றால் நாளை. நூறு ஆண்டுக்குமேல் அது வாழ்ந்தது அந்த நிதானத்தில்தான்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1900இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக 2 மீற்றர் கண்ணாடி கொண்ட சைடரோஸ்டாட் ஒன்று கட்டினார்கள். 1.25 மீற்றர் வில்லை, 57 மீற்றர் குவியத் தூரம். உலகிலேயே பெரிய தொலைநோக்கி என்று கூட்டம் அலைமோதியது. பொருட்காட்சி முடிந்ததும் வாங்க ஆளில்லாமல் பிரித்துப் போட்டார்கள். பெரிதாக இருப்பது போதாது. தினமும் அதன் அருகில் நிற்க ஆட்கள் வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஏ.கே. தாஸ் இயக்குநராயிருந்தபோது, கோடைக்கானலுக்கு ஒரு புதிய சீலோஸ்டாட் வந்தது. 11 மீற்றர் உயரக் கோபுரத்தின் மேல் 60 சென்ரிமீற்றர் கண்ணாடிகள். முதல் கண்ணாடி சூரியனைத் தொடரும். இரண்டாவது ஒளியைக் கீழே இறக்கும். அடியில் மூன்றாவது கண்ணாடி அதைத் திருப்பி, 60 மீற்றர் நீளமான நிலக்கீழ்ச் சுரங்கத்துக்குள் அனுப்பும். உள்ளே 38 சென்ரிமீற்றர் வில்லை 34 சென்ரிமீற்றர் அகலச் சூரியனை விழச்செய்யும். இரண்டு கை விரித்துத் தாங்கும் அளவுச் சூரியன். நிலத்துக்கடியில் வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. சொப்ராலில் கண்ணாடியைக் கெடுத்த தொல்லை இங்கே ஒளியின் பாதையில் குறைவு. 1960இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு காலத்திலிருந்து இந்தச் சுரங்கத் தொலைநோக்கி இந்தியச் சூரிய ஆய்வின் முதுகெலும்பாக இருந்து வருகிறது.

புதிய பெரும் தொலைநோக்கிகள் இந்தக் கண்ணாடிகளைக் கைவிட்டு வருகின்றன. காரணம் உண்டு. சாய்ந்து படும் ஒளி கண்ணாடியில் தெறிக்கும்போது அதன் அலைவுத் திசை சற்று மாறுகிறது. நாள் முழுக்கக் கண்ணாடியின் கோணம் மாறுவதால் அந்த மாற்றமும் மாறிக்கொண்டே போகிறது. சூரியனின் காந்தப்புலத்தை அளக்க விரும்புவோருக்கு இது பெரும் இடையூறு. கணினி துணையால் இன்று மொத்தத் தொலைநோக்கியையுமே துல்லியமாகத் திருப்பிவிடலாம். ஆனாலும் விண்மீன் ஒளியைப் பல இடங்களில் பிடித்து ஒன்றாகச் சேர்க்கும் அளவீட்டில் சைடரோஸ்டாட்டுக்கு இடம் இருந்தே வந்திருக்கிறது. அமெரிக்காவில் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் கடற்படை ஆய்வகத்தின் கருவி அப்படிப்பட்டது.

திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்புவோம். 2010 ஜனவரி 15, தை அமாவாசை. பட்டிப்பொங்கலும் அன்றே. போர் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மன்னார் மாவட்டத்தில் பலர் இன்னும் தம் ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை. அன்று நடுப்பகல் தாண்டியபின் சந்திரனின் நிழல் கன்னியாகுமரி, இராமேஸ்வரம், தனுஷ்கோடி வழியாக வந்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் மூடியது. பத்து நிமிடமளவு சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. கேது வணங்கிய கரையின் மேல் நேராக ஒரு கங்கண கிரகணம். 1871இல் காடாகக் கிடந்த இடத்தில் இப்போது கோயில் இருந்தது. ஆனால் வானைப் பார்க்க அங்கே ஒரு கருவி இருந்ததில்லை.

அடுத்த வாய்ப்பு தூரத்தில் இல்லை. 2031 மே 21இல் இன்னொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடகோடியைத் தொட்டுச் செல்லும். வளையம் தெரியாத இடங்களிலும் சூரியன் ஆழமாகக் குறையும். மன்னார், யாழ்ப்பாணம், வவுனியாப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. சைடரோஸ்டாட் வேண்டாம்; ஒரு முகம் பார்க்கும் சிறு கண்ணாடி போதும். அதன் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் 5 மில்லிமீற்றர் துவாரம் விடுங்கள். முற்றத்து வெயிலில் ஒரு தாங்கியில் பொருத்தி, தெறிக்கும் ஒளியை 20 மீற்றர் தள்ளி இருட்டடித்த வகுப்பறைச் சுவரில் விழச் செய்யுங்கள். சுவரில் 18 சென்ரிமீற்றர் அகலச் சூரியன் வரும். கிரகணம் கடிப்பதை ஒரு வகுப்பே ஒன்றாகப் பார்க்கலாம். யாரும் சூரியனையோ கண்ணாடியையோ நேரே பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் விடாதீர்கள். அந்தச் சூரியன் சுவரில் நிமிடத்துக்கு எட்டொன்பது சென்ரிமீற்றர் நகர்ந்து கொண்டே போகும். ஒரு மாணவி கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுத் திருப்பி அதை நிறுத்திப் பிடிக்க முயலட்டும். க்ராவ்சாண்டேயும் ஃபூக்கோவும் லிப்மனும் எதற்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே விளங்கும். கிரகணம்வரை காத்திருக்கவும் வேண்டாம். வெயில் இருக்கும் எந்த நாளும் செய்யலாம். இந்தத் தவணையிலேயே தொடங்குங்கள்.

(தொடரும்)